ரோபோ அறுவை சிகிச்சையும் நம் கடற்கரை மக்களும்

"டாக்டர், இந்த ஆபரேஷனை ரோபோவில் செய்ய முடியாதா?"

கடந்த நான்கைந்து ஆண்டுகளாக எங்கள் புறநோயாளர் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி இது. துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் கேட்கிறார். ஸ்ரீவைகுண்டத்து வாழை விவசாயி கேட்கிறார். தெரேஸ்புரத்திலிருந்து தாயாரை அழைத்துவரும் சங்குகுளி இளைஞரும் கேட்கிறார். வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்கும் மகனோ மகளோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு காணொளி பெரும்பாலும் அந்தக் கேள்விக்குக் காரணமாக இருக்கும். மதுரைச் சாலையில் கண்ட விளம்பரப் பலகைகளும் தம் பங்கைச் செய்திருக்கும்.

கேட்பதில் தவறு ஏதுமில்லை. நாங்கள் சொல்லும் விடைதான், வரிசையில் காத்திருக்கும் அடுத்த நோயாளியை எண்ணி, அரைகுறையாக முடிந்துவிடுகிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே இவ்விதழில் சற்று விரிவாக எழுதுகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் பொது மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள். கத்தி பிடிப்பவர்கள் அல்லர். அறுவை சிகிச்சையை நோயாளியின் இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் தாங்குமா என்று பார்த்துச் சொல்வதும், அறுவைக்குப் பின் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் நள்ளிரவிலும் ஓடிச்சென்று கவனிப்பதும் எங்கள் வேலை. எங்கள் மருத்துவமனையில் இன்று ரோபோ எந்திரம் கிடையாது. எட்டாத பழம் புளிக்கும் என்று நாங்கள் பேசுவதாக நீங்கள் நினைக்கக்கூடும்; கட்டுரையை முழுதும் படித்தபின் அதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரோபோ என்றவுடன் 'எந்திரன்' திரைப்படம் நினைவுக்கு வருவது இயல்பே. தானே சிந்தித்துத் தானே வெட்டும் உலோக மனிதன் ஒருவன் அறுவை அரங்கில் நிற்பான் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மனிதக் கைதான் நடுங்கும், எந்திரம் பிழையே செய்யாது என்று வேறு சிலர் மகிழ்கிறார்கள். இரண்டும் சரியல்ல. நம் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைத் தூக்கும் பெரிய கிரேன்களைப் பார்த்திருப்பீர்கள். பெட்டகத்தை எங்கே பற்றுவது, எப்போது தூக்குவது, காற்று வலுத்தால் நிறுத்துவதா வேண்டாமா என்பதையெல்லாம் முடிவு செய்பவர் மேலே கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் மனிதர். ரோபோ அறுவையும் ஏறத்தாழ அப்படித்தான். அறுவை மருத்துவர் நோயாளியிடமிருந்து சில அடி தொலைவில் ஓர் இயக்கு மேசைக்கு முன் அமர்ந்திருப்பார். அவருடைய விரல் அசைவுக்கு ஏற்ப, நோயாளியின் வயிற்றில் இட்ட சிறு துளைகளின் வழியே நுழைந்த எந்திரக் கைகள் அசையும். அவர் கையை எடுத்தால் எந்திரமும் நின்றுவிடும்.

இதனால் கிடைக்கும் வசதிகள் சிறியவை அல்ல. உடலின் உட்பகுதி ஏறத்தாழ பத்து மடங்கு பெரிதாகவும், ஆழம் தெரியும்படி முப்பரிமாணத்திலும் தெரிகிறது. வழக்கமான நுண்துளைக் கருவி ஒரு நேரான கம்பி போன்றது. ரோபோக் கருவியின் நுனியோ மணிக்கட்டைப் போல் எப்பக்கமும் வளையும். கையின் இயல்பான நடுக்கத்தை எந்திரம் வடிகட்டிவிடும். இடுப்புக் குழியின் அடியாழத்தில், விரல்கூட நுழையாத இடத்தில் தையல் போட வேண்டியிருக்கும்போது இவற்றின் அருமை புரியும். மறுபக்கத்தில், இன்று பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான எந்திரங்களில் தொடுவுணர்வு கிடையாது. திசு மெதுவாக இருக்கிறதா கல்போல் இறுகியிருக்கிறதா என்பதை மருத்துவர் கண்ணால் பார்த்தே ஊகிக்க வேண்டும். மூட்டு மாற்று அறுவைக்கு வரும் ரோபோ வேறு வகை. எலும்பின் அளவுகளைக் கணினியில் முன்கூட்டியே கணித்து, அந்த எல்லையைத் தாண்டாமல் எலும்பைச் செதுக்க உதவுவது அது. விளம்பரங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் குழப்பம் நேர்கிறது.

புதிய கருவியைக் கண்டு மயங்குவதும் அஞ்சுவதும் இது முதல் முறையன்று. 1985ஆம் ஆண்டு ஜெர்மனியில் எரிக் மூஹே என்னும் மருத்துவர் நுண்துளை வழியாகப் பித்தப்பையை அகற்றியபோது அவருடைய சக மருத்துவர்களே அவரை நம்பவில்லை. இந்தியாவில் அதே அறுவையை 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா முதன்முதலில் செய்தார். அப்போது அது பெருநகரத்துப் பணக்காரர்களின் சிகிச்சை என்று பேசப்பட்டது. இன்று பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதாகச் சொன்னால்தான் உறவினர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். ரோபோவும் அவ்வழியே செல்லும் என்றே நாங்கள் எண்ணுகிறோம். 'டா வின்சி' எந்திரத்துக்கு அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் வழங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவின் பெருநகரங்களுக்கு வந்தது. தமிழ்நாட்டில் சென்னையிலும் கோவையிலும் நிலைபெற்று, இப்போது மதுரை முதலான தென்மாவட்ட நகரங்களின் தனியார் மருத்துவமனைகளையும் எட்டியிருக்கிறது. நாம் மகிழ வேண்டிய வளர்ச்சிதான் இது. ஆனால் நம் மாவட்டத்து நோயாளிக்கு அதனால் என்ன பயன் என்பதை நோய்க்கு நோய் தனித்தனியே பார்க்க வேண்டும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் 338 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. அறுவைக்குப் பிந்தைய 90 நாட்களில் நோயாளி மருத்துவமனைக்கு வெளியே நலமாகக் கழித்த நாட்களை அதில் எண்ணினார்கள். வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்கு 80 நாட்கள். ரோபோ முறையில் செய்தவர்களுக்கு 82. வித்தியாசம் இரண்டே நாட்கள். ஆனால் காயம் தொடர்பான சிக்கல்கள் நூற்றுக்கு 16 என்பதிலிருந்து ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தன. இரத்தக்கட்டிச் சிக்கல்கள் 8 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தன. இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்த நோயாளியை நள்ளிரவில் கவனித்தவர்கள் என்ற முறையில், இந்தக் கடைசி எண் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மலக்குடல் புற்றுநோயில் நிலைமை வேறு. பத்து நாடுகளில் 471 நோயாளிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, வழக்கமான நுண்துளை முறையையும் ரோபோவையும் ஒப்பிட்டது. இடையில் முறையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்கள் முதல் முறையில் நூற்றுக்கு 12, ரோபோவில் 8. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஆய்வில் ரோபோ முறையில் இரத்த இழப்பு குறைந்தது. ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்திய வாழ்விலும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் திறந்த முறைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. முழங்கால் மூட்டு மாற்றில், தென்கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்விலும் வலியிலோ நடையிலோ மூட்டின் ஆயுளிலோ வித்தியாசம் காணப்படவில்லை. நம் நெடுஞ்சாலைப் பலகைகளில் அதிகம் தென்படுவது மூட்டு மாற்று ரோபோதான் என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறோம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சிறு துளை என்றால் எப்போதும் நல்லது என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த நேரத்தில், 2018இல் 631 பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றியவர்களில் நான்கரை ஆண்டுகளுக்குப் பின் நோயின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 96.5. ரோபோ உள்ளிட்ட நுண்துளை முறைகளில் அது 86 மட்டுமே. மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புற்றுநோய் அறுவைகளில் ரோபோவைப் பயன்படுத்துவது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. வயிற்றில் நீண்ட தழும்பைக் கண்டு, "பழைய முறையில் வெட்டிவிட்டார்களே" என்று வருந்தும் தாய்மார்களை எங்கள் அறையில் பார்க்கிறோம். அந்த நோய்க்கு அந்தத் தழும்புதான் அவர்களுக்குக் கிடைத்த நல்ல சிகிச்சையின் அடையாளம் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்கிறோம்.

இனி எங்கள் துறைக்கு நேரடியாக உரிய ஒன்று. இடுப்புக்குழி உறுப்புகளில் ரோபோ அறுவை செய்யும்போது நோயாளியைத் தலை கீழாகவும் கால் மேலாகவும் நன்றாகச் சரித்துப் படுக்கவைத்து, வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்புவார்கள். அந்நிலையிலேயே பல மணி நேரம் செல்லும். குடலும் வாயுவும் சேர்ந்து நுரையீரலை நெருக்கும். இதயத்துக்குப் பளு கூடும். முகமும் கண்ணும் வீங்கும். கண்ணின் உள்ளழுத்தம் உயரும். நல்ல உடல்நிலை உள்ளவர் இதை எளிதில் தாங்கிவிடுவார். முப்பது ஆண்டுகள் பீடி புகைத்து நுரையீரல் சுருங்கியவருக்கும், இதய வீக்கம் உள்ளவருக்கும், கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுபவருக்கும் இது வேறு கணக்கு. "துளை சிறியதுதானே, ஆபத்தும் சிறியதாகத்தான் இருக்கும்" என்று நினைத்துப் பழைய நோய்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கண் சொட்டு மருந்தை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. கேட்டால்தான் நினைவுக்கு வருகிறது. வெளியூரில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் இவற்றையெல்லாம் அங்குள்ள மயக்கவியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. எந்திரத்தின் விலை பல கோடி. அதன் கருவிகளில் பல, பத்து முதல் பதினெட்டு அறுவைகளோடு ஆயுள் முடிந்துபோகும்படி செய்யப்பட்டவை. எண்ணிக்கையை எந்திரமே கணக்கு வைத்திருக்கும். பராமரிப்புச் செலவு தனி. இவை அனைத்தும் கடைசியில் யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் பிறப்பித்த நெறிமுறையின்படி, ரோபோ அறுவை உள்ளிட்ட பன்னிரண்டு நவீன சிகிச்சைகளை நிறுவனங்கள் தம் பாலிசிகளிலிருந்து விலக்கிவைக்க முடியாது. ஆனால் அவற்றுக்கு உள்வரம்பு விதிக்கலாம். ஐந்து இலட்சத்துக்குப் பாலிசி எடுத்தவர் ஐந்து இலட்சமும் கிடைக்கும் என்று நம்பிச் சென்று, வெளியேறும் நாளில் அதில் ஒரு பகுதிதான் என்று அறிந்து திகைக்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அங்கே ஒவ்வோர் அறுவைக்கும் இவ்வளவு என்று தொகை வகுத்திருக்கிறார்கள். உங்கள் அறுவைக்கு எது பொருந்தும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த ஒருவரை மறக்க முடியவில்லை. விசைப்படகுத் தொழிலாளி, அறுபதை நெருங்குபவர். இடப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. பரவியிருக்கவில்லை. எங்கள் அறுவைத் துறையினர் இரண்டு வாரத்துக்குள் செய்துவிடலாம் என்றார்கள். குடும்பத்தார் வேறு ஊரில் விசாரித்தார்கள். ரோபோ முறையில் செய்தால் மறுவாரமே கடலுக்குப் போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகளின் நகையை அடகு வைத்தார்கள், போதவில்லை. படகில் இருந்த பங்கை விற்க ஆள் தேடினார்கள். அப்படியே மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் அதிகாலை வயிறு உப்பி, வாந்தியுடன் அவரைத் தூக்கிவந்தார்கள். குடல் முழுதும் அடைபட்டிருந்தது. அவசர அறுவை, வயிற்றின் பக்கத்தில் மலம் வெளியேற ஒரு திறப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள். பிழைத்துக்கொண்டார். பிறகு அந்தத் திறப்பையும் மூடினார்கள். ஆனால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை அவருடைய ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டது. படகுப் பங்கும் போயிற்று.

இதில் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தந்தைக்குச் சிறந்ததைச் செய்ய வேண்டும் என்றுதான் அலைந்தார்கள். முதல் நாள் அவர்கள் ரோபோவைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் இங்கே இல்லை" என்று ஒரே வரியில் முடித்தோம். இந்தக் கட்டிக்கு எந்த முறையில் செய்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே, நாள் கடத்துவதுதான் ஆபத்து என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அது எங்கள் பிழை.

அப்படியானால் ரோபோ நமக்கு வேண்டாமா? வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அதுவும் அரசு மருத்துவமனையில் வேண்டும். சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில், சட்டமன்றத்துக்காகக் கட்டிய கட்டடத்தில் இயங்கும் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில், 2022 மார்ச் மாதம் ஏறத்தாழ 35 கோடி ரூபாய்ச் செலவில் ரோபோ அறுவை மையம் தொடங்கப்பட்டது. கட்டணம் கட்ட முடியாதவருக்கும் இந்தத் தொழில்நுட்பம் உரியது என்று அரசு சொன்ன நாள் அது. ஆனால் இங்கிருந்து அங்கே செல்ல முத்துநகர் விரைவு ரயிலில் ஓர் இரவு முழுதும் பயணம் செய்ய வேண்டும். துணைக்கு இருவர் தினக்கூலியை விட்டு உடன் செல்ல வேண்டும். மறுபரிசோதனைக்கு மீண்டும் மீண்டும் போக வேண்டும். மணப்பாட்டிலோ வேம்பாரிலோ இருப்பவருக்கு ரயிலைப் பிடிப்பதே ஒரு பயணம். தென்மாவட்டங்களுக்கு என்று திருநெல்வேலியிலோ மதுரையிலோ அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மையம் அமைந்து, எங்கள் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி போன்றவற்றின் முதுநிலை மாணவர்களும் அங்கே பயிற்சி பெற்றால், பத்தாண்டுகளில் இந்தக் கடற்கரைக்கே கைதேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். இந்தியாவிலேயே உருவான 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' போன்ற எந்திரங்கள் வந்துவிட்டதால் செலவும் குறையும் என்று எதிர்பார்க்கலாம்.

அந்த எந்திரத்தைக் கொண்டு 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் குருகிராமில் அமர்ந்தபடி, முந்நூறு கிலோமீட்டர் அளவு தொலைவில் ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு அறுவை செய்தார்கள். அதைக் கண்டு, "இனி சென்னை மருத்துவர் அங்கிருந்தே தூத்துக்குடியில் செய்துவிடுவாரே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்யலாம். ஆனால் நடுவில் இரத்தக்குழாய் ஒன்று கிழிந்தால், எந்திரத்தைத் தள்ளிவிட்டு வயிற்றைத் திறந்து கையால் அழுத்திப் பிடிக்க ஒருவர் இங்கே நிற்க வேண்டும். நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மூச்சடக்கி இறங்கியவரின் திறமை பாதி. படகில் கயிறு பிடித்தவரின் விழிப்பு மீதிப் பாதி. கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று முதியவர்கள் சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதை அவர் மறக்கமாட்டார் அல்லவா? அறுவை அரங்கில் கயிறு பிடிப்பவர்கள் மயக்கவியல் மருத்துவர், செவிலியர், இரத்த வங்கிப் பணியாளர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ஆகியோர். இவர்களின் எண்ணிக்கை போதாமல் இருக்கும் இடத்தில் எந்திரத்தை மட்டும் வாங்கி நிறுத்துவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. திசுப் பரிசோதனை முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் புற்றுநோயாளிக்கு, அந்த முடிவு நான்கு நாளில் கிடைப்பது ரோபோவைவிடப் பெரிய உதவி.

ரோபோ அறுவைக்கு என்று வேறு ஊருக்குச் செல்லும் குடும்பத்தார் அங்குள்ள மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: என் நோய்க்கு இதனால் தனிப்பட்ட பயன் என்ன? நீங்கள் இதே அறுவையை இதே எந்திரத்தில் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? திறந்த முறையிலோ நுண்துளை முறையிலோ செய்தால் எனக்கு எது குறையும்? எத்தனை நாள் காத்திருக்கலாம்? இக்கேள்விகளைக் கேட்டதற்காக நல்ல மருத்துவர் எவரும் கோபிக்கமாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு விடைதான். இரண்டாவது கருத்துக் கேட்பது எங்களை அவமதிப்பது என்று நினைத்துச் சிலர் மறைவாகச் செல்கிறார்கள். அப்படிச் செல்வதால் ஸ்கேன் படங்களை எங்களிடம் கேட்டு வாங்காமல், அங்கே மீண்டும் பணம் கட்டி எடுக்கிறார்கள். கேளுங்கள், தருகிறோம். அது உங்கள் உரிமை.

அறுவைக்கு முந்தைய பரிசோதனைக்கு எங்கள் பிரிவுக்கு வரும்போது பழைய அறிக்கைகள், காப்பீட்டு அட்டை, தினமும் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். கண் சொட்டு மருந்தும் நாட்டு மருந்தும் இருந்தால் அவற்றையும் சேர்த்து வாருங்கள். முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கும் மகனோ மகளோ வெளியூரில் இருந்தால், அவர் தொலைபேசியில் பேசக்கூடிய நேரத்தைப் பார்த்து வாருங்கள். இம்முறை பத்து நிமிடம் ஒதுக்கிப் பேசுவோம்.